வெளிச்சம் காணாது

விளக்குப் போடுகிற வேலை என்று சொன்னால் கலியாண வீட்டுக்கு லைற் கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எனக்குச் சம்பளம் தருவது வெளிச்சத்தைக் குறைப்பதற்கு.

பழைய ஓவியம், சாயம் ஏற்றிய துணி, கையால் நிறம் தீட்டிய படம் எல்லாவற்றையும் வெளிச்சம் கறையான் மாதிரி தின்னும், சத்தமில்லாமல். பார்க்க வருகிறவருக்கும் தெரிய வேண்டும், பொருளும் அழியக்கூடாது. அதற்கு எவ்வளவு வெளிச்சம், எந்த நிறத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு நேரம் என்று பார்ப்பதுதான் கண்காட்சி ஒளியமைப்பு. கொழும்பில் படித்து அங்கேயே வேலை பழகினேன். இப்போது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, கொழும்புத்துறையில் வீட்டில் இருந்துகொண்டு இங்கே கிடைக்கிற வேலைகளைச் செய்கிறேன். நீங்கள் தையல்காரராக இருக்கலாம், அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவராக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவராகவும் இருக்கலாம். "உதிலை என்ன கிடக்கு, சின்ன வேலைதானே" என்பதை ஒருமுறையாவது கேட்டுப் பல்லைக் கடித்திருந்தால் நீங்கள் என் ஆள். எனக்குக் கூட்டத்தில் கதைக்க வராது. கோபம் வந்தால் குரல் இன்னும் உள்ளே போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

கீழே உள்ளவை எல்லாம் ஒரே கண்காட்சியில், ஒரே துணிக்கு நடந்தவை.

மயிலிட்டிச் சீலை

நகரத்தில் ஒரு பொது மண்டபத்தின் மேல்மாடியில் பழம்பொருட் கண்காட்சி வைத்தார்கள். வீடுகளிலிருந்து இரவலாக வாங்கிய பொருட்கள்தான் அனேகம். அவற்றில் ஒன்று மயிலிட்டிப் பவளமக்காவின் திரைச்சீலை. கப்பலோட்டிய குடும்பம். கலியாணத்தில் பொம்பிளை மாப்பிளைக்குப் பின்னால் கட்டுவதற்கென்று எந்தத் தலைமுறையிலோ எழுதுவித்த துணி. இரண்டு பக்கமும் குலைவாழை, நடுவில் பெரிய நிறைகுடம், அதன் வாயில் மாவிலை, கீழ் மூலையில் விரல் நீளத்தில் ஒரு பாய்க்கப்பல். சிவப்பு சாயவேரிலிருந்து எடுத்தது, நீலம் அவுரி. குடத்தின் மஞ்சள், நாங்கள் கறிக்குப் போடுகிற அதே மஞ்சள். அந்த மஞ்சளை நீலத்தின் மேல் பூசித்தான் வாழைக்கும் மாவிலைக்கும் பச்சை எடுத்திருக்கிறார்கள். சிவப்பும் நீலமும் தாக்குப்பிடிக்கும். மஞ்சள் தாக்குப்பிடிக்காது. மஞ்சள் போனால் பச்சையும் போய்விடும்.

இடம்பெயர்ந்தபோது பவளமக்காவின் தாய் சட்டி பானையை விட்டுவிட்டு இந்தத் துணி இருந்த றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். முகாமில் இருந்த காலம் முழுக்கப் பெட்டி வேப்பிலையோடு பூட்டியே கிடந்தது. அதனால்தான் அந்த மஞ்சள் நேற்றுப் பூசியது போல இருந்தது. பவளமக்காவின் கலியாணமும் முகாமில்தான். கட்டுவதற்கு ஒரு சுவர் இல்லாததால் அன்றும் பெட்டி திறக்கவில்லை. துணியை என் கையில் தரும்போது அவர் சொன்னது இதுதான்: "எனக்குக் கட்டக் குடுத்து வைக்கேல்லை, மகள். ஆவணியிலை என்ரை பெட்டைக்குக் கட்ட வேணும். அதுக்குள்ளை பத்திரமாத் தந்திடுங்கோ."

செத்த வீடு

மண்டபத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கண்காட்சியின் தலையும் வாலும் அவர்தான். நல்ல மனிதர், அதை முதலே சொல்லிவிடுகிறேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஒத்திகைக்கு நான் கொண்டுபோன விளக்குகளைப் போட்டுக் காட்டினேன். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி, அறைக்குள் மங்கலான சூடான வெளிச்சம், சீலையின் மேல் அளவாக, கண் பழகினால் எல்லாம் தெரிகிற அளவு. கண் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும், நில்லுங்கோ சேர் என்றேன். அவர் நிற்கவில்லை. வெளிச்சம் காணாது, போதாது என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

மஞ்சள் கறை பட்ட வேட்டியை உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தோய்த்து வெயிலில் போட்டால் கறை போய்விடும் என்றார். யாழ்ப்பாணத்தில் இது தெரியாத வீடு இல்லை. அதேதான் சேர், அந்தச் சீலையின் மஞ்சளும் வெளிச்சத்தில் போய்விடும் என்றேன். அவர் என்னைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சிரிப்பது போலச் சிரித்தார். "அது வெயில் பிள்ளை, இது பல்ப். செத்த வீட்டிலையும் இதைவிட வெளிச்சம் கிடக்கும்."

எஞ்சினியர் எப்ப வருவார்

மின்வேலைக்கு வந்த அண்ணை கெட்டிக்காரர். வயரிங் சுத்தம். நான் கேட்டது மஞ்சள் சாயலுள்ள, கூட்டிக் குறைக்கக்கூடிய விளக்குகள். அவர் கொண்டுவந்து பூட்டியவை பால் போல வெள்ளையானவை. சாயத்துக்கு அந்த வெள்ளை இன்னும் கெடுதல். மாற்றச் சொன்னேன். கடையில் உதுதான் இருக்கு என்றார். வேறு கடை சொன்னேன். தலையாட்டினார். ஏணியின் கீழ் நான் நிற்க, ஏணியின் மேலிருந்து அவர் என் தலைக்கு மேலால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சமானியை வைத்து அளந்தேன். சுவரில் இடங்களைக் குறித்தேன். ஒவ்வொரு விளக்கும் எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்று கீறிய படத்தைக் கொடுத்தேன். பின்னேரம் வரை இப்படியே போய், ஒருவழியாக நான் கேட்ட விளக்குகள் வந்தன. கடைசியில் அவர் ஏணியால் இறங்கி, கையைத் துடைத்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "எல்லாம் சரி தங்கச்சி. லைற் எஞ்சினியர் எப்ப வருவார்?"

இருள் அகற்றும் விழா

திறப்புவிழா அன்று மங்கல விளக்கைக் கொண்டுவந்து சீலைக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள். ஆளுயரக் குத்துவிளக்கு. எண்ணெய்ப் புகை நேராக வாழைக்குலைக்குப் போகும். நானும் மண்டபத்தில் கூட்டித் துடைக்கிற அம்மாவும் சேர்ந்து அதை இழுத்து வாசலுக்குக் கொண்டுபோனோம். செயலாளர் திருப்பிக் கொண்டுவருவித்தார். நாங்கள் மறுபடியும் இழுத்தோம். விழா தொடங்கும்போது விளக்கு நடுவழியில் நின்றது. பிரமுகர்கள் அதைச் சுற்றி நடந்தார்கள்.

பேசிய எல்லோரும் ஒளியைப் பற்றியே பேசினார்கள். அறியாமை இருளை அகற்றுவோம், மரபின் மேல் வெளிச்சம் பாய்ச்சுவோம். வீடியோக்காரர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, தங்கள் பெரிய லைற்றைச் சீலையின் மேல் பாய்ச்சினார்கள். நான் முன்னால் போய்க் கையை நீட்டி மறைத்தேன். என் கை படத்தில் விழுகிறது என்று விலக்கிவிட்டார்கள். பிரதம விருந்தினர் நாடாவை வெட்டி உள்ளே வந்து, மங்கல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, செயலாளரிடம் பரிவோடு கேட்டார்: "என்ன, இண்டைக்குப் பாத்துக் கரண்டை வெட்டிப்போட்டாங்களோ?"

பொத்தான்

கூட்டம் போன பிறகு பவளமக்கா வந்தார். விழாவுக்கே வந்திருந்தார், ஆனால் பின்வரிசையில் இருந்திருக்கிறார். யாரும் அவரை முன்னுக்குக் கூப்பிடவில்லை. தன் சீலைக்கு முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் சரித்தார். கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. கிட்டப் போனார். பிறகு என்னிடம், வாழை தெரியுது, நடுவிலை என்ன இருக்கெண்டு தெரியேல்லை என்றார்.

அவர் செயலாளர் மாதிரிக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்கக் கேட்டவற்றில் எனக்கு உறைத்தது அது ஒன்றுதான். வயது போன கண்ணுக்கு உண்மையிலேயே கூடுதல் வெளிச்சம் வேண்டும். அடுத்த நாள் சுவரில் ஒரு பொத்தான் வைத்தேன். அமத்தினால் நடுவிலுள்ள நிறைகுடத்தின் மேல் மட்டும் ஒரு விளக்கு எரியும், கையை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் தானாகவே நூரும். பார்க்க வேண்டியவர் பார்க்கலாம், மற்ற நேரம் துணி தூங்கலாம். அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பவளமக்காவை மறுபடியும் வரச்சொல்லி, அவரைக்கொண்டே முதலில் அமத்துவித்தேன். குடம் மஞ்சளாகச் சுவரிலிருந்து எழும்பி வந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. "ஓம், இதுதான். இந்த மஞ்சளைப் பாக்கத்தான் பஸ் ஏறி வந்தனான்."

ஒரு ஷொட்

கலியாணத்துக்கு முதல் படம் எடுக்கிற சோடிகளுக்குக் கோட்டையும் கடற்கரையும் அலுத்துப்போய்விட்டன. மண்டபத்தில் பழைய கலியாணச் சீலை ஒன்று இருக்கிறது என்ற கதை பரவியதும் வரத் தொடங்கினார்கள். படம் எடுக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தேன். அந்த அறிவித்தலும் படத்தில் விழுகிறது என்று யாரோ கழற்றிக் கதிரைக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஒரு படப்பிடிப்பாளர் குடை போட்ட லைற் இரண்டையும் நிமிர்த்தி வைக்கும்போது நான் போய் நின்றேன். குரல் வரவில்லை, குறுக்கே நின்றேன் அவ்வளவுதான். மாப்பிளை வியர்த்துக்கொண்டிருந்தார். பொம்பிளை என் மேல் இரக்கப்பட்டார். படப்பிடிப்பாளர் என்னைத் தள்ளவில்லை, ஏசவில்லை. "அக்கா, அப்பிடியே நில்லுங்கோ, அசையாதேங்கோ, உங்கடை முகத்திலை ஒருக்கா லைற் செக் பண்ணுறன்."

ஐஸ்பழக் குச்சி

கண்காட்சி தொடங்கிச் சில வாரங்களில் ஒரு மத்தியானம் போனேன். அறையில் ஒரு சனமில்லை. நிறைகுடம் மட்டும் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை உள்ளே அமத்தி, இடுக்கில் ஒரு ஐஸ்பழக் குச்சியைச் செருகி, மேலே கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. குச்சியில் இன்னும் சிவப்பு நிறம் இருந்தது. இழுத்து எறிந்தேன். அடுத்த கிழமை போனபோது வேறு குச்சி, ரேப் இரண்டு சுற்று.

யார் செய்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. செயலாளர் தானே வந்து சொன்னார், என் பொத்தானில் இருந்த குறையைத் திருத்திவிட்டதாக. காலமை மண்டபம் திறக்கும்போது குச்சி போடுவாராம், பின்னேரம் பூட்டும்போது எடுப்பாராம். ஒரு நாள்கூடத் தவறவில்லையாம். எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் போல இருந்தது, அல்லது குச்சியை அவர் வாய்க்குள்ளேயே வைத்துவிடுவேன் போல. ஏன் சேர் என்று மட்டும் கேட்டேன். "ஒவ்வொருக்கா அமத்தேக்கையும் சனத்துக்கு விரல் நோகுதெல்லே, பிள்ளை."

நீல அட்டை

பொத்தானை மட்டும் நம்பி இருக்க முடியாது என்றுதான், அதை வைத்த நாளே சீலைக்குப் பக்கத்தில், அந்த விளக்கின் வெளிச்சம் படும்படி, ஒரு சிறிய அட்டையும் வைத்திருந்தேன். கம்பளியில் சாயமேற்றிய எட்டு நீலத் துண்டுகள் அதில் வரிசையாக இருக்கும். முதலாவது சுறுக்காக வெளுக்கும், கடைசி லேசில் வெளுக்காது. பாதியை மூடி, பாதியை வெளிச்சத்தில் விட்டு வைப்போம். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கினால் துணிக்கும் ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம். வெளுப்பதுதான் அந்த அட்டையின் வேலை. அந்த அட்டையைக் காட்டினால்தான் விளக்கை நூர்க்கச் சொல்லி நிர்வாகசபையிடம் வாதாடலாம். கண்ணால் கண்டால் நம்பாதவர் யார் என்று நினைத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் அட்டை இல்லை. கூட்டித் துடைக்கிற அம்மாவைக் கேட்டேன், தான் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். கதிரைகளுக்குக் கீழே தேடினேன். குப்பைவாளியையும் கிளறினேன். செயலாளர் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தன் கந்தோர் அறைக்குள் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்து, வெள்ளைக் கடதாசியில் சுற்றி, மேலே ஒரு புத்தகமும் பாரம் வைத்து, இருட்டில் பத்திரமாகப் படுத்திருந்த என் அட்டையை எடுத்துத் தந்தார். அதற்குப் பக்கத்து அறையில் நிறைகுடம் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. "நிறம் போய்க்கொண்டிருந்தது பிள்ளை. நல்ல காலம், நான் கண்டு எடுத்து உள்ளுக்கை வைச்சது."

களவு

அன்று செயலாளர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் ஏணியை இழுத்து வைத்து ஏறினேன். நிறைகுடத்தின் மேல் எரிந்த பல்பைக் கழற்றினேன். சுட்டது. தாவணியால் பிடித்துக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் கொழும்பில் வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் இருக்கும்போது கையில் சுட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, முதன்முதலாக ஒரு பிரச்சினையைக் கதைக்காமலே தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். கொழும்பில் இறங்கி இரண்டு நாளில் செயலாளர் தொலைபேசி எடுத்தார். குரலில் கவலை, என்னை ஆறுதல்படுத்தும் அவசரம். "பிள்ளை, பயப்பிடாதேங்கோ. உங்கடை பல்பை ஆரோ களவெடுத்திட்டாங்கள். நான் அதைவிடப் பெரிசு ஒண்டு வாங்கிப் போட்டிட்டன்."

ஆவணிக்கு முதல்

அதை நூருங்கோ சேர் என்று தொலைபேசியில் கெஞ்சினேன். ஓம் ஓம் என்றார். எங்கள் ஊரில் ஒரு ஓம் என்றால் ஓம், இரண்டு ஓம் என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம். நிர்வாகசபைக்கு எழுதினேன். கூட்டம் கூடும்போது ஆராய்வதாகப் பதில் வந்தது. கொழும்பு வேலை இழுபட்டு நான் திரும்பி வரும்போது ஆடி முடிகிற தறுவாய்.

சீலையை இறக்கும் நாள் பவளமக்கா மகளோடு வந்தார். சுற்றிக்கொண்டு போகப் புது வேட்டி ஒன்றும், சின்னப் பையில் வேப்பிலையும் கொண்டுவந்திருந்தார். நானும் மின்வேலை அண்ணையும் சட்டத்தைப் பிடித்து மெல்ல இறக்கி மேசையில் கிடத்தினோம். யன்னல் துணியை விலக்கினேன். வாழைகள் பச்சையாகவே இருந்தன. நடுவில், அந்த விளக்கு விழுந்த இடத்தில், வண்டிச் சில்லளவுக்கு ஒரு வட்டம் வெளுத்திருந்தது. குடம் பழைய பல்லின் நிறம். மாவிலை எல்லாம் நீலம். வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு இலையின் நுனி மட்டும் பச்சை. மகள் அந்த நுனியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நீலத்தைத் தொட்டாள். தாயைப் பார்க்கவில்லை.

செயலாளர் குனிந்து பார்த்துவிட்டு, பழைய துணிதானே, முதலே இப்பிடித்தான் இருந்திருக்கும் என்றார். அப்போது என் குரல் வந்தது. சத்தமாக வரவில்லை, ஆனால் நடுவில் முறியாமல் வந்தது. இல்லை சேர் என்றேன். வரும்போது குடம் மஞ்சள், இலை பச்சை. குச்சி போட்டு எரிய விட்டதால் போனது. பெரிய பல்பால் போனது. வேட்டிக் கறை போகிற மாதிரிப் போனது. இனி வராது. பவளமக்காவிடம் திரும்பி, பொத்தான் வைத்தது நான், அதைக் குச்சி போட்டு அமத்தி வைத்தது இவர், உங்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்றேன். மின்வேலை அண்ணை முதன்முறையாக வாசலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பவளமக்கா யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வேட்டியை விரித்தார், வேப்பிலையைத் தூவினார், சீலையை மடிக்கத் தொடங்கினார். வெளுத்த வட்டம் உள்ளே போகும்படி மடித்தார். மகள் ஒரு பக்கம் பிடித்தாள். மடித்து முடித்ததும் மகளின் முகத்தைப் பார்த்து, இடியப்பம் ஒன்று உடைந்துபோனால் சொல்வது போலச் சொன்னார்: "பொம்பிளை மாப்பிளை நடுவிலைதானே நிக்கப் போயினம். மறைச்சிடும். வாழை தெரியும், காணும்."

ஒரு முகாம் காலம் முழுக்க இருட்டில் கிடந்து பிழைத்த மஞ்சளை ஒரு ஐஸ்பழக் குச்சிக்குப் பறிகொடுத்தோம், ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கடைசிவரை சொன்னார்கள், வெளிச்சம் மட்டும் நல்லாயிருந்தது என்று.